கொந்தளிப்புக்குக் கீழே

திருகோணமலைக் கோணேசர் கோயில் நிற்கும் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. கடல் அடங்கிக் கிடக்கும் பங்குனி, சித்திரை மாதங்களில் அந்தப் பாறை விளிம்பில் நின்றபடியே நீலத் திமிங்கிலம் மூச்சுவிடுவதைப் பார்த்தவர்கள் உண்டு. உலகின் மிகப் பெரிய விலங்கைத் தரையில் கால் வைத்துக்கொண்டே பார்க்க வாய்க்கும் ஊர்கள் மிகக் குறைவு. இங்கே அது வாய்ப்பதற்கான காரணம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. பெரும்பாலான கரைகளில் கடல் மெல்ல மெல்லத்தான் ஆழமாகும். திருகோணமலையில் குடாவுக்குள்ளேயே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி, வெளியே போகப் போக 3,000 மீட்டருக்கும் கீழே போய்விடுகிறது.

1982 முதல் 1984 வரை இந்தக் கடலில் 'துலிப்' என்ற சிறு பாய்மரப் படகு ஒன்று திமிங்கிலங்களைத் தேடி அலைந்தது. அதன் நீளம் சுமார் 10 மீட்டர். அது தேடிய ஸ்பேர்ம் திமிங்கிலங்களில் வளர்ந்த ஆண்கள் 16 மீட்டர் வரை இருக்கும். உலக வனவிலங்கு நிதியத்தின் ஆதரவில் நடந்த அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் ஹால் வைட்ஹெட். அதற்கு முன்பு இந்த விலங்கைப் பற்றி அறிவியல் அறிந்திருந்ததில் பெரும்பகுதி வேட்டைக் கப்பல்களின் தளத்தில் அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. வயிற்றில் என்ன இருந்தது, கருப்பையில் குட்டி இருந்ததா, எத்தனை டன் எண்ணெய் கிடைத்தது என்பதெல்லாம் ஏடுகளில் இருந்தன. உயிரோடு அது எப்படி நாளைக் கழிக்கிறது என்பது ஏறக்குறைய இருட்டு. 1979இல் சீசெல்ஸ் நாட்டின் முன்மொழிவை ஏற்றுப் பன்னாட்டுத் திமிங்கில வேட்டை ஆணையம் இந்தியப் பெருங்கடலை வணிக வேட்டை தடைசெய்யப்பட்ட புகலிடமாக அறிவித்தது. கொல்லாமல் எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்று காட்டும் பொறுப்பு துலிப் போன்ற படகுகளிடம் வந்தது.

இயந்திரக் கப்பலை விட்டுப் பாய்மரத்தை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? செலவு குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஓசை. ஸ்பேர்ம் திமிங்கிலம் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மனிதக் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் கழிக்கிறது. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் மூழ்கியிருக்கும், பிறகு எட்டுப் பத்து நிமிடம் மேலே மிதந்து மூச்சு வாங்கும், மறுபடி வாலைத் தூக்கிக் கீழே போய்விடும். ஆனால் மூழ்கியிருக்கும் நேரமெல்லாம் அது ஓயாமல் 'டிக், டிக்' என்று ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கும். கணவாய்களைத் தேடும் எதிரொலி விளக்கு அது. திசை காட்டக்கூடிய ஹைட்ரோபோன் என்ற நீரடி ஒலிவாங்கியைத் தண்ணீரில் இறக்கினால், பல கிலோமீட்டர் தூரத்தில் எந்தப் பக்கம் திமிங்கிலம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அந்தத் திசையில் பாயை விரித்துக் கொஞ்ச தூரம் போகவேண்டும். மறுபடி நின்று கேட்கவேண்டும். இரவானாலும் மழையானாலும் இப்படியே ஒரு கூட்டத்தை நாள்கணக்கில் விடாமல் பின்தொடர முடியும். இயந்திரம் ஓடினால் காது அடைத்துப்போகும்.

திமிங்கிலத்தைத் தேடிப் போகிறவர்களில் பெரும்பாலோர் கண்ணை நம்பித்தான் போகிறார்கள். காற்று எழுந்ததும் கண் பயனற்றுப் போகிறது. அலைகளின் தலையில் வெள்ளை நுரை பூக்கத் தொடங்கிய உடனேயே, தொலைவில் எழும் மூச்சுத் தூவானம் அந்த வெண்மையில் கரைந்துவிடும். கடலில் திமிங்கிலங்களை எண்ணும் ஆய்வாளர்கள் காற்றின் அளவையும் சேர்த்துக் குறித்துக்கொள்வதும், கடல் முரடானால் எண்ணுவதையே நிறுத்திவிடுவதும் இதனால்தான். நுரை நிறைந்த கடலில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று பொருளாகாது.

துலிப்பில் இருந்த ஜொனாதன் கோர்டன் ஆடும் படகிலிருந்தே திமிங்கிலத்தின் நீளத்தை அளக்க ஒரு வழி கண்டார். பாய்மரத்தின் மேலே ஏறி, திமிங்கிலமும் தொடுவானமும் ஒரே சட்டத்தில் விழும்படி படம் எடுக்கவேண்டும். படத்தில் தொடுவானத்துக்கும் திமிங்கிலத்துக்கும் உள்ள இடைவெளியும் கேமரா இருந்த உயரமும் தெரிந்தால், திமிங்கிலம் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கணக்கிட்டுவிடலாம். தூரம் தெரிந்தால் நீளம் தெரியும். படகு எவ்வளவு சாய்ந்தாலும் தொடுவானமும் படத்தோடு சேர்ந்தே சாய்வதால் அளவு கெடுவதில்லை. இந்த எளிமை என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது.

அடுத்து அவர் செய்தது இன்னும் நுட்பமானது. ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் தலை அதன் உடலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் மெழுகு போன்ற எண்ணெய் நிறைந்த பெரிய உறுப்பு இருக்கிறது. ஒலி தலையின் முன்முனையில் பிறந்து, அந்த எண்ணெய் வழியே பின்னால் மண்டையோடு வரை போய், அங்கிருக்கும் காற்றுப் பையில் மோதித் திரும்பி முன்னே வருகிறது. ஒரு பகுதி வெளியேறும். இன்னொரு பகுதி மறுபடி உள்ளே போய்த் திரும்பும். ஆகவே நம் காதுக்கு ஒரே 'டிக்' என்று கேட்பது உண்மையில் சில மில்லிவினாடி இடைவெளியில் வரும் தொடர் துடிப்புகள். அந்த இடைவெளி தலையின் நீளத்தைப் பொறுத்தது. தலை பெரிதானால் இடைவெளி கூடும். படத்தில் அளந்த நீளத்தோடு ஒலியில் அளந்த இடைவெளியைக் கோர்டன் ஒப்பிட்டுப் பார்த்தார், இரண்டும் பொருந்தின. பார்க்காமலே, இருட்டில், கொந்தளிக்கும் கடலில் கேட்டே ஒரு திமிங்கிலத்தின் அளவைச் சொல்லும் வழி இப்படி உறுதிப்பட்டது. இன்று உலகமெங்கும் ஸ்பேர்ம் திமிங்கில ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அதே ஆய்வுக் காலத்தில், 1983இல், லிண்டா வெய்ல்கார்ட்டும் வைட்ஹெட்டும் இலங்கைக் கடலில் ஒரு ஸ்பேர்ம் திமிங்கிலக் குட்டி பிறப்பதை நேரில் கண்டு பதிவு செய்தார்கள். அந்த ஆண்டு ஜூலைக்குப் பிறகு தீவு நீண்ட போருக்குள் போனது. 2009 வரை இந்தக் கிழக்குக் கடல் மீனவர்களுக்கே முழுதாகத் திறந்திருக்கவில்லை.

துலிப் போன்ற சிறு படகில் இருப்பவருக்குக் காற்றுக் கடல் எப்படி இருக்கும்? எட்டு வினாடிக்கு ஒன்றாக வரும் அலையை எடுத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அதன் நீளம், ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை, சுமார் 100 மீட்டர். அது மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. உயரம் மூன்று மீட்டர் என்றால், படகில் இருப்பவர் எட்டு வினாடிக்கு ஒருமுறை ஓர் அறையின் தரைக்கும் கூரைக்கும் இடையே ஏறி இறங்குகிறார். காற்று கூடினால் முதலில் பெரிய பாயைச் சுருக்கிக் கட்டுவார்கள். இன்னும் கூடினால் முன்பாயைக் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக இழுத்துக் கட்டி, சுக்கானை மறுபக்கம் திருப்பி நிறுத்துவார்கள். முன்பாய் படகை ஒரு பக்கம் தள்ள, சுக்கான் மறுபக்கம் திருப்ப, படகு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். புயல் கடலில் சமைக்கவும் தூங்கவும் அது வழிவிடும். நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று வீசினால் நிலைமை மோசமாகும். எதிர்வரும் நீரோட்டம் அலைகளை நெருக்கிச் செங்குத்தாக்கிவிடும். கடலோடிகள் அலையின் உயரத்தைவிட அதன் செங்குத்துக்கே அதிகம் அஞ்சுவார்கள்.

திமிங்கிலத்துக்கு இந்தக் கணக்கு வேறு. அலையில் தண்ணீர் முன்னோக்கிப் பாய்வதில்லை, வட்டமாகச் சுழல்கிறது. ஆழம் கூடக் கூட அந்த வட்டம் மிக வேகமாகச் சிறுத்துவிடும். அலை நீளத்தில் பாதி ஆழத்தில், அதாவது நம் அலைக்கு 50 மீட்டர் கீழே, சுழற்சி மேற்பரப்பில் இருந்ததில் நான்கு சதவீதம்தான். மூன்று மீட்டர் வட்டம் அங்கே 13 சென்டிமீட்டர் வட்டம். 100 மீட்டர் ஆழத்தில் அது அரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஸ்பேர்ம் திமிங்கிலம் இரை தேடுவது பெரும்பாலும் 400 முதல் 1,200 மீட்டர் வரை. மேலே பாய் கிழிந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் அங்கே தண்ணீர் அசையாமல் நிற்கிறது.

ஆனாலும் மூச்சுக்கு அது மேலே வந்தாகவேண்டும். இங்கேயும் உடலமைப்பு துணை செய்கிறது. நம் மூக்கு எப்போதும் திறந்திருப்பது. திமிங்கிலத்தின் மூச்சுத்துளை இயல்பாகவே மூடியிருக்கும், தசையை இழுத்தால்தான் திறக்கும். வெளியே விட்டு உள்ளே இழுக்கும் வேலை ஓரிரு வினாடியில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரே மூச்சில் நுரையீரல் காற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் மாறிவிடும். நாம் சும்மா இருக்கும்போது ஒரு மூச்சில் மாற்றுவது 15 சதவீதம் அளவுதான். முகடு தாண்டும் நேரம் போதும் அதற்கு. குட்டிகளுக்குத்தான் ஆபத்து. 2005இல் கத்ரீனா சூறாவளி மிசிசிப்பிக் கரையைத் தாக்கிய பிறகு, அங்கே ஓங்கில்களின் புதிய குட்டிகள் வழக்கத்தைவிட அதிகமாகத் தென்பட்டன. புயலில் குட்டியை இழந்த தாய்கள் அடுத்த குட்டிக்கு ஒரே சமயத்தில் தயாராகியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொன்ன விளக்கங்களில் ஒன்று. படகுகள் அழிந்து கடல் ஆளில்லாமல் கிடந்தது இன்னொன்று.

புயல் திமிங்கிலத்தைத் தொடுவது அலையால் அல்ல, ஓசையால். உடையும் அலை ஒவ்வொன்றும் கோடிக்கணக்கான குமிழிகளைத் தண்ணீருக்குள் அழுத்துகிறது. ஒவ்வொரு குமிழியும் பிறக்கும்போது அதிர்ந்து ஒலிக்கிறது. மழைத்துளி விழுந்தாலும் அப்படியே. மேற்பரப்பில் காற்று எவ்வளவு என்பதை ஹைட்ரோபோனில் கேட்டே கணிக்கும் அளவுக்கு இந்தத் தொடர்பு நம்பகமானது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ரெபெக்கா டன்லப்பும் உடனிருந்தவர்களும் கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் காற்று நாட்களிலும் காற்றில்லா நாட்களிலும் கேட்டார்கள். 2010இல் வெளியான அவர்கள் முடிவு: காற்று கூடக் கூட அவை குரல் கொடுப்பதைக் குறைத்து, துள்ளி விழுவதையும் துடுப்பால் தண்ணீரை அறைவதையும் கூட்டுகின்றன. கொந்தளிக்கும் கடலில் திமிங்கிலம் வானத்துக்கு எழும்பி விழுவதைப் பார்க்கும் படகோட்டி அதை ஆட்டம் என்று நினைக்கலாம். சத்தமான இடத்தில் தோழருக்குச் செய்தி அனுப்பும் முயற்சியாகவும் அது இருக்கக்கூடும்.

நீலத் திமிங்கிலத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு. அதன் பாட்டு மிகத் தாழ்ந்த சுருதியில், பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலிக்கும். காற்றும் குமிழியும் எழுப்பும் இரைச்சல் அதற்கு மேலே, சில நூறு ஹெர்ட்ஸிலிருந்துதான் வலுக்கிறது. வட இந்தியப் பெருங்கடலின் நீலத் திமிங்கிலங்களுக்கென்று தனிப் பாட்டு உண்டு. 1984இல் திருகோணமலைக்கு அப்பால் அபிகேல் ஆலிங்கும் ரோஜர் பெய்னும் அதைப் பதிவு செய்தார்கள். இன்று பெருங்கடலின் எந்த மூலையில் அது கேட்டாலும் 'இலங்கைப் பாட்டு' என்றே குறிப்பிடுகிறார்கள்.

இந்தத் திமிங்கிலங்கள் ஏன் இங்கே இருக்கின்றன என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. பெரிய திமிங்கிலங்களின் வழக்கமான வாழ்க்கை எளிது: கோடையில் துருவத்துக்குப் போய் வயிறு நிறைய உண்பது, குளிரில் வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடுவது. வெப்பக் கடலில் உணவு குறைவு என்பது பாடநூல் சொல்வது. வட இந்தியப் பெருங்கடலில் அந்த வாழ்க்கைக்கு வழியே இல்லை. வடக்கே ஆசியா குறுக்கே கிடக்கிறது. ஆனால் ஆசியா குறுக்கே கிடப்பதால்தான் பருவக்காற்றும் உண்டாகிறது.

வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று எழுகிறது. ஈழத்துக் கடலோடிகள் சோழகம் என்பது இதைத்தான். சோமாலியா, ஓமன் கரைகளில் அது மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலேறுகிறது. இலங்கையின் தெற்குக் கரையிலும் அதுவே நடக்கிறது. தீவின் கிழக்கே இன்னொரு விந்தை: தீவு காற்றை மறைப்பதால் அது ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் வீச, வங்கக் கடலின் தென்மேற்கு மூலையில் நீர் இடஞ்சுழியாகத் திரும்புகிறது. பூமியின் சுழற்சி அந்தச் சுழலின் மேல்நீரை வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்த இடத்தை நிரப்ப ஆழத்து நீர் குமிழாக மேலெழும். 1998இல் விநயசந்திரனும் யமகட்டாவும் இதை விளக்கினார்கள். கடலியலில் இதற்கு இலங்கைக் குவிமாடம் என்று பெயர். சத்து வெளிச்சத்துக்கு வந்தால் பாசி பெருகும், பாசியைத் தின்னும் சிற்றுயிர்கள் பெருகும், அவற்றைத் தின்னக் கணவாயும் மீனும் திமிங்கிலமும் வரும்.

வாடைக் காலத்துப் புயல்களுக்கும் இதில் பங்குண்டு. கங்கை, பிரம்மபுத்திரா முதலிய ஆறுகள் கொட்டும் நன்னீர் வங்கக் கடலின் மேல் மெல்லிய, இலேசான மூடியாகப் பரவிக் கிடக்கிறது. அந்த மூடி இருக்கும்வரை அடிநீரின் சத்து மேலே வராது. மட்டக்களப்பைச் சிதைத்த 1978 நவம்பர் புயல், திருகோணமலைக் கரையில் ஏறிய 2020 டிசம்பர் புரேவி என்று நாம் அழிவோடு நினைவில் வைத்திருக்கும் புயல்களின் குடும்பமே அந்த மூடியைக் கலக்கும் வல்லமையும் கொண்டது. வங்கக் கடலில் புயல் கடந்த தடத்தில் நீர் குளிர்ந்து, சில நாளில் பச்சையம் பெருகுவதைச் செயற்கைக்கோள்கள் பலமுறை பதிந்திருக்கின்றன. மீனவரைக் கரையில் கட்டிப்போடும் காற்றும் அடுத்த மாதங்களின் மீனை விதைக்கும் காற்றும் ஒன்றே.

2003இல் ஆஷா டி வோஸ் என்ற இளம் இலங்கை ஆய்வாளர் 'ஒடிசி' என்ற ஆய்வுப் பாய்க்கப்பலில் தீவின் தெற்கே போனபோது நீலத் திமிங்கிலங்கள் ஓரிடத்தில் கூடியிருப்பதையும், தண்ணீரில் சிவந்த மலம் மிதப்பதையும் கண்டார். வெப்பக் கடலில் அவை பட்டினி கிடக்கவில்லை, உண்கின்றன என்பதற்கு அது கண்கண்ட சான்று. பின்னர் 2018இல் அவரும் உடனிருந்தவர்களும் மலத்தில் இருந்த மரபணுவைப் படித்து, இந்தத் திமிங்கிலங்கள் பெரும்பாலும் உண்பது மற்ற இடங்களைப்போல் கிரில் அல்ல, ஒருவகைச் சிறு இறால் என்று காட்டினார்கள்.

கரையை இவ்வளவு நெருங்கி வாழ்வதில் பெரும் ஆபத்தும் இருக்கிறது. துருவத்துக்குப் போகாத கூட்டத்துக்கு வேறு புகலிடம் இல்லை. 1963 முதல் 1967 வரை சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்தியப் பெருங்கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்றன. அந்தக் கணக்கு சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகுதான் வெளியே வந்தது. இன்று வேட்டை இல்லை. அதற்குப் பதில், தீவின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குத் தெற்கே உலகின் மிகச் சுறுசுறுப்பான கப்பல் பாதைகளில் ஒன்று திமிங்கிலங்கள் உண்ணும் இடத்தின் மேலேயே போகிறது.

கப்பலின் இரைச்சல் விழும் இடமும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே, நீலத் திமிங்கிலம் பாடும் அதே சுருதியில். புயல் அவ்வளவாக மறைக்காத அந்தப் பாட்டைக் கப்பல் மறைக்கிறது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு சில நாட்கள் கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்து கடல் அமைதியானபோது, அங்கிருந்த ரைட் திமிங்கிலங்களின் மலத்தில் மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்ததை ரோசலிண்ட் ரோலண்டும் உடனிருந்தவர்களும் 2012இல் எழுதினார்கள். அவை அந்த இரைச்சலோடு பழகிவிட்டன என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இவ்வளவு சத்தம் போடும் கப்பல் வருவது ஏன் திமிங்கிலத்துக்குத் தெரிவதில்லை? ஓசை பிறப்பது பின்னால், சுழலியில். 300 மீட்டர் நீளமுள்ள கப்பலின் உடலே முன்பக்கத்துக்கு அந்த ஓசையை மறைத்துவிடுகிறது. மேற்பரப்பை ஒட்டிய சில மீட்டரில், நேராக வரும் ஒலியும் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மூச்சு வாங்க மிதக்கும் திமிங்கிலம் இருப்பது அந்த இடத்தில்தான், கப்பலின் மூக்குக்கு நேர் முன்னால். சத்தமில்லாத பாய்மரப் படகும் இதில் குற்றமற்றதல்ல. ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் செங்குத்தாக நின்றபடி ஆழ்ந்து தூங்கும் வழக்கமுள்ளவை; சிலிக் கடலில் இயந்திரத்தை நிறுத்தி மிதந்துவந்த ஒரு படகு அப்படித் தூங்கிய கூட்டத்தின்மேல் இடித்த பிறகுதான் அவை விழித்தன என்று 2008இல் வந்த ஆய்வு பதிவு செய்கிறது. ஆனால் பத்து மீட்டர்ப் படகு இடித்தால் பெரும்பாலும் உடைவது படகு.

தேவேந்திரமுனைப் பாதையைப் பற்றிய கணக்கு 2016இலேயே முடிந்துவிட்டது. கப்பல்கள் 15 கடல் மைல் தெற்கே தள்ளிப் போனால் நீலத் திமிங்கிலங்களுக்கான மோதல் ஆபத்து 95 சதவீதம் குறையும். மீனவர் படகுகளுக்கும் அது நல்லது; அவர்களும் அதே பாதையைக் கடந்துதான் கடலுக்குப் போகிறார்கள். 2022இல் எம்எஸ்சி நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. எல்லாக் கப்பலுக்கும் பாதையை மாற்ற வேண்டுமானால் இலங்கை அரசு பன்னாட்டுக் கடல்சார் அமைப்பிடம் முறைப்படி கேட்கவேண்டும். கேட்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் கப்பலுக்குப் பதினைந்து மைல் பெரிய சுமையே அல்ல.